யாரிடமிருந்து வந்த கிருமி

நாங்கள் புலம்பெயர்ந்து வந்திருக்கும் குவேக்கர்ஸ் ஹில்லில் எங்கள் ஆட்களின் வீட்டில் குழந்தை பிறந்தால் குளிப்பாட்ட என்னைக் கூப்பிடுவார்கள். காலை நீட்டி இருந்து, பிள்ளையைக் காலில் கிடத்தி, எண்ணெய் பூசி, சுடுதண்ணீர் வார்ப்பேன். மூக்கை ஊதிவிட்டு, விரலால் தொண்டைச் சளியை வழித்தெடுப்பேன். துடைத்துத் தாயின் மடியில் கொடுத்துவிட்டு வந்துவிடுவேன். நான் அதிகம் கதைக்காதவள் என்பதும் அவர்களுக்குப் பிடித்திருந்தது.

பின்தெருவில் ஒரு பெண்ணுக்குத் தலைப்பிள்ளை. அவளுடைய தாய்க்கு யாழ்ப்பாணத்திலிருந்து வர விசா கிடைக்கவில்லை. அதனால் முப்பத்தொன்றாம் நாள் துடக்குக் கழிந்த பிறகும் நான்தான் போய்க்கொண்டிருந்தேன். ஒருநாள் காலை பிள்ளை என் காலில் நனைந்த துணிபோலக் கிடந்தது. அழவில்லை. உடம்பு கொதித்தது. பாலும் குடிக்கவில்லை என்று தாய் சொன்னாள். தண்ணீர் வார்க்காமலே துவாயில் சுற்றிக் கொடுத்தேன். அவர்கள் நேராக ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள்.

இரத்தத்திலும் முள்ளந்தண்டு நீரிலும் ஸ்ட்ரெப்டோகொக்கஸ் என்ற கிருமி இருந்தது. பெரியவர்களின் குடலில் சத்தமில்லாமல் இருக்குமாம். பிஞ்சுகளின் இரத்தத்தில் இறங்கினால் உயிரையே எடுக்குமாம். பிள்ளை பிழைத்துவிட்டது. ஆனால் தாய் யாரைக் கண்டாலும் ஒன்றையே கேட்டாள்: யாரிடமிருந்து வந்தது? வயிற்றில் பிள்ளையோடு இருந்தபோது எடுத்த சோதனையில் அவளிடம் ஒன்றும் இருக்கவில்லை.

இந்தக் கிருமியைப் பற்றி ஆராய்ச்சி செய்கிற தமிழ்நாட்டுப் பெண் ஒருத்தி வார்டுக்கு வந்தாள். பிள்ளையைத் தூக்குகிற எல்லாரிடமும் பஞ்சுக்குச்சியால் மாதிரி எடுக்கச் சம்மதமா என்றாள். பிள்ளையைப் பார்க்கப் போயிருந்த நானும் தொண்டையில் எடுத்ததைப் பொறுத்துக்கொண்டேன். பின்பக்கமும் வேண்டும் என்றபோது கூசிப்போனேன். பிள்ளையின் தகப்பன் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கழிவறைக்குள் போய் நானே எடுத்து வந்து, அவள் முகத்தைப் பாராமல் கொடுத்தேன்.

என்னைத் தேற்றவோ என்னவோ, அவள் பக்கத்தில் இருந்து விளக்கினாள்.

“கிருமியையும் வைரஸ் தாக்கும் ஆண்ட்டி. தப்பிச்ச கிருமி அந்த வைரஸ்ல ஒரு துண்டை வெட்டித் தனக்குள்ள வெச்சுக்கும். மறுபடி அது வந்தா அடையாளம் கண்டு வெட்டிப்போடும்.”

“அப்ப கிருமிக்கும் காய்ச்சல் வருமோ?” என்று கேட்டுவிட்டேன்.

“கிட்டத்தட்ட” என்று சிரித்தாள்.

அதற்குக் கிறிஸ்பர் என்று பெயராம். புதிய துண்டை முன்னுக்கும் பழையதைப் பின்னுக்குமாக வரிசையாய் வைத்திருக்குமாம். இரண்டு கிருமிகளில் அந்த வரிசை ஒன்றாக இருந்தால் இரண்டும் ஒரு வழியில் வந்தவை.

முடிவு வந்தது. தாயிடமும் பிள்ளையிடமும் ஒரே வரிசை. தகப்பனிடம் வேறு. என் மாதிரியில் அந்தக் கிருமி வளரவேயில்லை. “ரெண்டும் ஒண்ணுன்னுதான் இது சொல்லும். யார்கிட்டேருந்து யாருக்குப் போச்சுன்னு சொல்லாது” என்று அந்தப் பெண் நிதானமாகச் சொன்னாள். தாய் முதற்பாதியோடு கேட்பதை நிறுத்திவிட்டாள்.

அதன்பிறகு அவள் பிள்ளையைத் தொடவில்லை. கதிரையைச் சுவரோரம் இழுத்துப் போட்டு இருந்தாள். கழுவிக் கழுவிக் கைத்தோல் வெடித்திருந்தது. பிள்ளை அழுதால் தாதியைக் கூப்பிட்டாள். பாலைப் பீச்சிச் சிங்கில் ஊற்றினாள். தூக்கலாம், பாலும் கொடுக்கலாம் என்று டொக்டர்மார் சொன்னது அவள் காதில் ஏறவில்லை. நான் என் கதிரையை அவள் பக்கத்தில் இழுத்துப் போட்டேன்.

“மகள், ஒண்டு சொல்லவேணும்” என்றேன். “அவை பஞ்சு எடுக்க முதல் நான் பல்லுக்கு அன்ரிபயோட்டிக் போட்டனான். என்னட்ட இருந்திருந்தாலும் அது செத்திருக்கும். நான்தானே பிள்ளையின்ர வாயுக்க விரல் விட்டனான், மூக்கில ஊதினனான். என்னட்டயிருந்து அதுக்குப் போய், அதிட்டயிருந்து உனக்கு வந்திருக்கலாம்.”

பல்லுக்கு மருந்து எடுத்தது உண்மை. மற்றது நடந்திருக்குமா என்று தெரியாது. அந்த ஆராய்ச்சிப் பெண்ணைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். நான் கேட்கவில்லை.

அவள் என்னைப் பார்த்துக்கொண்டே எழும்பினாள்.

“இதைச் சொல்ல இவ்வளவு நாளும் உங்களுக்கு வாய் இல்லையோ? ஆரைக் கேட்டு என்ர பிள்ளையின்ர வாயுக்க கை விட்டனீங்கள்?”

நான் ஒவ்வொரு நாளும் விரல் விட்டபோது துவாயைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றவள் அவள்தான். நான் அதைச் சொல்லவில்லை. அறிவில்லாத சனம் என்றாள். இன்னும் என்னென்னவோ சொன்னாள். பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். திட்டிக்கொண்டே போய்ப் பிள்ளையை வாரி எடுத்தாள். என் கண் படாமல் மறைப்பதுபோல முதுகைத் திருப்பிக்கொண்டாள். தாதி எனக்கு வாசலைக் காட்டினாள்.

லிஃப்டடியில் நின்றபோது தகப்பன் பின்னால் ஓடிவந்தார்.

“குறை நினையாதேங்கோ அன்ரி. பால் குடுக்கிறா.”

“ஓம் தம்பி” என்றேன். அதற்கு மேல் கதைத்தால் அழுதுவிடுவேன் என்று, லிஃப்ட் வரும்வரை நில்லாமல் படியால் இறங்கினேன்.