பொடிசு யாருடைய பெயர்?

என் தங்கைக்கு வீட்டில் வைத்த பெயர் வேறு. எல்லாரும் கூப்பிடுவது பொடிசு. ஆள் அவ்வளவு உயரம்தான். தையல் மெஷின் பெடல் மேல் ஒரு மரக்கட்டையைக் கட்டி வைத்துத்தான் மிதிப்பாள். கைக்குழந்தைகளுக்குத் துணி ஷூ தைப்பது அவள் தொழில். கட்டில் மேல் வெட்டிய துணி, கட்டிலுக்கு அடியில் அட்டைப்பெட்டி, படுக்க மட்டும் இடம் கிடையாது. பார்சல் போடுவது நான். எனக்குச் சம்பளம் இல்லை, திட்டு உண்டு. ஆன்லைன் சந்தையில் எங்கள் கடைக்கும் 'பொடிசு' என்றே பெயர் வைத்திருந்தோம். வியாபாரம் நன்றாகத்தான் போனது. யார் கண் பட்டதோ.

ஒரு நாள் அதே தளத்தில் இன்னொரு 'பொடிசு' முளைத்தது. போட்டோகூட எங்களுடையதுதான், ஓரத்தில் என் தங்கையின் கட்டைவிரல் தெரிகிறது! விலை மட்டும் பாதி. தளத்துக்குப் புகார் எழுதினேன். ட்ரேட்மார்க் பதிவு எண்ணைக் கொடுங்கள் என்று பதில் வந்தது. பெயர் வைக்கத் தெரிந்த எங்களுக்கு அதைப் பதிவு செய்ய வேண்டும் என்று தோன்றவே இல்லை. அந்தப் புண்ணியவானுக்குத் தோன்றியிருக்கிறது. சத்தமில்லாமல் பதிவு செய்து வைத்துக்கொண்டு, போலிச் சரக்கு விற்கிறோம் என்று எங்கள் மேலேயே புகார் கொடுத்தான். எங்கள் கடையை மூடிவிட்டார்கள். பழைய ஆர்டர், பாராட்டு, எல்லாம் அதோடு போச்சு. ஆள் கையில் கிடைத்திருந்தால் நறுக்கென்று நாலு கேள்வி கேட்டிருப்பேன். கேட்க எதிரில் ஒரு முகம் வேண்டுமே.

வக்கீல் அம்மாவிடம் போனோம்.

"முதல்ல இந்தப் பேர்ல வித்தது நீங்கதான்னு காட்டினா, அவன் பதிவை ரத்து பண்ணச் சொல்லிக் கேக்கலாம். பேர் போட்ட பழைய ஷூ ஏதாவது இருக்கா?"

"பேர் போட மாட்டேங்க," என்றாள் பொடிசு. "லேபிள் குதிகால்ல உரசும்."

"வெளிப்பக்கமாவது?"

"பிள்ளைங்க எல்லாத்தையும் வாயில வச்சுக் கடிக்கும். நூல் பிரிஞ்சு தொண்டையில சிக்கினா?"

"பெட்டியில?"

"அது கடையில வாங்கற வெறும் பெட்டிங்க."

வக்கீல் அம்மா பேனாவை மூடி வைத்தார். "தளத்துல இருக்கற உங்க பழைய கணக்கைக் கேட்டு எழுதறேன். குடுக்க நாளாகும்." வழியெல்லாம் நான் இவளைத் திட்டிக்கொண்டே வந்தேன். இவள் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

அடுத்த வாரம் ஒரு பெண் போன் செய்தாள். மூத்த பிள்ளைக்கு எங்களிடம் வாங்கியபோது அளவு கேட்டுப் பேசியவள். இப்போது இரண்டாவது பிள்ளைக்கு 'பொடிசு' என்று தேடிப் பிடித்து வாங்கியிருக்கிறாள்.

"என்னங்க இது? குழந்தைக்குக் குதிகால் தோலே உரிஞ்சு போச்சு. உங்களை நம்பித்தானே வாங்கினேன்?"

"அது நாங்க இல்லம்மா! வேற ஆளு!" என்று கத்தினேன்.

"பேர் உங்க பேர்தானே?"

பொடிசு என் கையிலிருந்து போனைப் பிடுங்கினாள். "குழந்தை கால் அளவு சொல்லுங்க," என்றாள்.

"எவனோ பண்ணின வேலைக்கு நீ ஏன்டி தண்டம் அழணும்?" என்று கேட்டேன்.

"என் பேரைப் பாத்து வாங்கியிருக்காங்கக்கா," என்று சொல்லிவிட்டுத் துணி வெட்ட உட்கார்ந்துவிட்டாள். மெத்தென்ற பருத்தித் துணியில், காலில் தையலே படாதபடி ஒரு ஜோடி. பல்லைக் கடித்துக்கொண்டு நான்தான் பார்சல் போட்டேன்.

அந்தப் பெண் நன்றி மறக்கவில்லை. ஷூ வந்ததும் தளத்தில் நீளமாக எழுதினாள். முதலில் வந்தது சரியில்லையாம். சொன்ன உடனே காசு வாங்காமல் வேறு ஜோடி அனுப்பினார்களாம். பிள்ளை காலை விட்டுக் கழற்ற விடுவதில்லையாம். பொடிசைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாமாம். அஞ்சுக்கு அஞ்சு நட்சத்திரம். போட்டோவில் இருந்தது எங்கள் ஷூ. எழுதியிருந்தது அவன் கடைப் பக்கத்தில்.

வாய்விட்டுப் படித்துக் காட்டினேன். கடையை மூடிய அன்றுகூட அழாதவள், போனை வாங்கி அந்த நட்சத்திரங்களை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, தேம்பித் தேம்பி அழுதாள்.

"இது எனக்குப் போட்டதுக்கா," என்றாள். "அஞ்சும் எனக்குப் போட்டது."