மாநிறம்னா எந்த மா?

"எங்க பொண்ணு மாநிறம்ங்க" என்று ஒரு தாய் வந்து நின்றால் போதும், எங்கள் கடை வாசலக்காவுக்கு நாக்கு அரிக்க ஆரம்பித்துவிடும்.

"மாநிறம்னா எந்த மா? மைதா மாவா, கோதுமை மாவா, கேழ்வரகு மாவா?" என்று கேட்டுவிட்டு, பச்சைப்பிள்ளை மாதிரி முகத்தை வைத்துக்கொள்வாள். பக்கத்துக் கவுண்டரில் சென்ட் விற்கும் நான், சிரிப்பை மறைக்கக் குனிந்து, இல்லாத பாட்டிலைத் தேடுவேன். ஒன்பது வருஷமாக அதே ஜோக். சனியன், ஒன்பது வருஷமும் சிரிப்பு வந்து தொலைத்தது.

அவள் விற்றது ஃபவுண்டேஷன். மேக்கப்புக்கு அடியில் பூசுகிற திரவம். கண்ணாடித் தட்டில் பன்னிரண்டு பாட்டில்கள்; ஒன்றாம் நம்பர் வெளுப்பு, போகப் போகக் கறுப்பு. வருகிறவர் ஏழாக இருந்தாலும் சரி, பதினொன்றாக இருந்தாலும் சரி, கேட்பது என்னவோ இரண்டுதான். எடுத்து நீட்டினால் இரண்டு நிமிஷத்தில் வேலை முடிந்தது.

"கேக்குறதக் குடுத்து அனுப்பும்மா. உனக்கென்ன வந்துச்சு?" என்பார் சூப்பர்வைசர்.

அவளுக்கு என்னவோ வந்துவிடும். இங்கே வருவதற்கு முன் பதினோரு வருஷம் சுவருக்கு அடிக்கும் பெயிண்ட் கடையில் நிறம் கலந்தவள் அவள். கடையின் டியூப்லைட்டில் பார்த்து வாங்கிப்போன நிறம், வீட்டுச் சுவரில் ஏறியதும் வேறு நிறமாகிவிட்டது என்று டப்பாவோடு சண்டைக்கு வருகிறவர்களைத் தினமும் பார்த்திருக்கிறாள். அப்படி மூன்று முறை சண்டைக்கு வந்தவர்தான் அவள் வீட்டுக்காரர். நாலாவது முறை வந்தபோது டப்பா இல்லை. அந்த வீட்டுக் கூடம் இன்றுவரை யாருக்கும் பிடிக்காத ஒரு பச்சையில்தான் இருக்கிறது.

அதனால் அவள் கடை விளக்கை நம்பமாட்டாள். மணிக்கட்டை நீட்டினால், "பார்ட்டிக்குக் கையையா காட்டப் போறீங்க?" என்று தட்டிவிடுவாள். தாடையோரம் பக்கத்துப் பக்கத்து நம்பர்களில் மூன்று கோடு இழுப்பாள். காற்றுப் பட்டால் கொஞ்சம் கறுக்கும் என்று பத்து நிமிஷம் உட்கார வைப்பாள். பிறகு பூசிப் பார்க்க வைத்திருக்கும் டெஸ்டர் பாட்டில்களும் கைக்கண்ணாடியுமாக, ஆளைத் தெருவாசல் வரைக்கும் இழுத்துப்போய் வெயிலில் நிறுத்துவாள்.

"எந்தக் கோடு காணாமப் போகுதோ, அதுதான் உங்களுது."

வாசலக்கா என்ற பெயர் அப்படி வந்ததுதான்.

சிக்கல் என்னவென்றால், டெஸ்டரோடு வாசலைத் தாண்டினால் அலாரம் அலறும். அலறியது, ஒன்பது வருஷமும் அலறியது. போன மாதம் சூப்பர்வைசர் கையெழுத்து வாங்கிவிட்டார்: இன்னொரு தடவை அலறினால் மூன்றாம் மாடி, வாளி, குப்பைக்கூடைப் பிரிவு. ஊழியர்களுக்கு லிஃப்ட் கிடையாது. அவள் முழங்காலோ, கடைக்கு முன்னாலிருக்கும் நாலு படிக்கே அழும்.

"செத்தாலும் வாசலுக்குப் போகமாட்டேன்டி. இந்தக் கவுண்டர விட்டா எனக்கு வேற என்ன தெரியும்?" என்றாள் என்னிடம். கண் கலங்கியிருந்தது. பிறகு இரண்டு வாரம், கஷாயம் குடித்த முகத்தோடு, கேட்டவருக்கெல்லாம் இரண்டாம் நம்பரை எடுத்துக் கொடுத்தாள். மாவு ஜோக்கும் நின்றுபோனது. எனக்குப் பொழுதே போகவில்லை.

சனிக்கிழமை ஒரு அம்மாவும் மகளும் வந்தார்கள். மகளுக்கு நாலு மணிக்கு ஒரு ஓட்டலில் ரிசப்ஷன் வேலைக்கு இன்டர்வியூ.

"நல்ல கலரா தெரியணும். ரெண்டு குடுங்க" என்றார் அம்மா. அவர் முகத்திலும் இரண்டுதான் இருந்தது. கழுத்து அதை ஒத்துக்கொள்ளவில்லை.

வாசலக்கா வாயைத் திறக்காமல் பாட்டிலை எடுத்தாள். நல்லவேளை என்று நான் மூச்சு விட்டேன்.

அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டு மெதுவாகச் சொன்னாள்: "போன இன்டர்வியூக்கும் இதேதான் அக்கா போட்டுட்டுப் போனேன். மூஞ்சி மட்டும் வந்துருக்கு, கழுத்து எப்ப வரும்னு ஒருத்தன் கேட்டான். எல்லாரும் சிரிச்சாங்க."

"அவன் கெடக்கான், பொறம்போக்கு!" என்றாள் வாசலக்கா, கடைக்கே கேட்கும்படி. போச்சுடா என்று நினைத்தேன்.

தாடையில் கோடு இழுத்தாள்: இரண்டு, ஏழு, எட்டு. பத்து நிமிஷம் கடிகாரத்தைப் பார்த்தாள், சூப்பர்வைசரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நான் வேண்டாம் என்று தலையாட்டினேன். அவள் டெஸ்டர்களையும் கைக்கண்ணாடியையும் அள்ளிக்கொண்டு அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து நடந்தாள்.

அலாரம் ஊரைக் கூட்டியது. சூப்பர்வைசர் ஓடினார். அவருக்குப் பின்னால் அம்மா ஓடினார். வேடிக்கை பார்க்க நானும் ஓடினேன், வேறெதற்கு?

வெயிலில் ஏழு காணாமல் போயிருந்தது. இரண்டு, சுண்ணாம்பு சிந்தியதுபோல் தனியாக நின்றது. வாசலக்கா அங்கேயே, அலறலுக்கு நடுவில், ஏழாம் நம்பரை அந்தப் பெண்ணின் முகம் முழுக்கத் தடவி, விரலால் ஒற்றி எடுத்தாள். பூசியதே தெரியவில்லை. அந்தப் பெண் கண்ணாடியைப் பார்த்துச் சிரித்தாள்.

அம்மா திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் மகள் கையிலிருந்த கண்ணாடியை வாங்கித் தன் முகத்தை வெகுநேரம் பார்த்தார்.

"நான் இப்படியேதான் இருபது வருஷமா எல்லா எடத்துக்கும் போயிட்டிருக்கேனா?" என்றார்.

வாசலக்கா தன் கைக்குட்டையை எடுத்து நீட்டினாள்.

திங்கட்கிழமை அவளை மூன்றாம் மாடிக்கு அனுப்பினார்கள். ஃபவுண்டேஷன் கவுண்டரில் என்னை நிறுத்தினார்கள். நான் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசியிருக்கலாம். பேசவில்லை.

முதல் வாடிக்கையாளர் என் வயசுப் பெண். "நான் மாநிறம். ரெண்டு குடுங்க" என்றாள். எந்த மா என்ற கேள்வி தொண்டை வரைக்கும் வந்தது. சூப்பர்வைசர் பக்கத்தில் நின்றார். எடுத்துக் கொடுத்தேன். அன்றைக்கு முழுக்க அப்படித்தான்.

சாயங்காலம் வாசலக்கா கைப்பிடியைப் பிடித்து, ஒவ்வொரு படியாக இறங்கி வந்தாள்.

"எத்தனை பேர வாசலுக்குக் கூட்டிட்டுப் போன?" என்று கேட்டாள்.

"யாரையும் இல்லக்கா."

நாலு திட்டுத் திட்டுவாள், வாங்கிக்கொள்ளலாம் என்று நின்றேன்.

"நல்லதுடி. அந்த மாடிப்படி உனக்கு வேணாம்" என்று என் கன்னத்தைத் தட்டிவிட்டு, நொண்டிக்கொண்டே பஸ்ஸுக்குப் போனாள்.