நோட்டில் எழுதாமல் விட்ட ஜெபம்

பிரியமானவர்களே, என்னைப் போன்றவளையும் தள்ளிவிடாமல் சேர்த்துக்கொண்ட ஆண்டவருக்கு முதலில் நன்றி சொல்கிறேன். மைக் முன்னால் நின்றால் எனக்கு வாய் வராது. அதனால் எங்கள் பாஸ்டரம்மா, "வாயால சொல்லாட்டி போவுது, எழுதிக் குடு" என்றார்கள். ஒன்பதாம் வகுப்பு வரை படித்தவள் நான். தெரிந்த அளவில் எழுதுகிறேன்.

என் வீட்டில் இருக்கிற கஷ்டம் குடி. என் கணவர் குடிப்பார். பன்னிரண்டு வருடமாக அதற்காக ஜெபிக்கிறேன். ஆனால் நான் சாட்சி சொல்ல வந்தது அதைப் பற்றி அல்ல. என்னைச் சாகடித்துக்கொண்டிருந்தது வேறு ஒன்று. அது பொறாமை.

எங்கள் ஊர் உத்திரமேரூருக்குப் பக்கத்தில் இருக்கிறது. நடவு, களையெடுப்பு, அது இல்லாத நாட்களில் நூறு நாள் வேலை. எங்கள் சபை தகரக் கூரை போட்ட சின்ன சபை. வெள்ளிக்கிழமை காலையில் பெண்கள் கூடி உபவாச ஜெபம் செய்வோம். யாருக்கு என்ன தேவையோ அதை ஒரு நோட்டில் எழுதிக்கொள்வது வழக்கம். என் கையெழுத்து கொஞ்சம் நன்றாக இருக்கும் என்பதால் அந்த நோட்டு என்னிடம் இருந்தது. நான் ஒவ்வொன்றாக வாசிப்பேன், எல்லாரும் அதற்காக ஜெபிப்பார்கள். பதில் கிடைத்ததும் சிவப்புப் பேனாவால் டிக் போடுவேன். கால் வலி, மாட்டுக்கு நோவு, மகள் கல்யாணம் என்று எத்தனையோ பேருக்கு டிக் போட்டிருக்கிறேன். என் கணவர் பெயரை மட்டும் நோட்டு தீரத் தீர புது நோட்டில் திரும்ப எழுதிக்கொண்டு வந்தேன்.

மஞ்சு என் ஓரகத்தி, அதாவது என் கணவரின் தம்பி மனைவி. எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். என் கொழுந்தன் ஏழுமலையும் குடிப்பவன்தான். ஒரு நாள் மஞ்சு அழுதுகொண்டிருந்ததைப் பார்த்து, நான்தான் அவளைச் சபைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். எட்டே மாதம். ஏழுமலை குடியை விட்டுவிட்டான். ஏரியில் ஞானஸ்நானம் எடுத்தான்.

அவள் சாட்சி சொன்ன ஞாயிற்றுக்கிழமை சபையே அழுதது. நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். ஆனால் உள்ளே எரிந்தது. பன்னிரண்டு வருடம் எங்கே, எட்டு மாதம் எங்கே? அவளுக்கு முழுதாக ஒரு வசனம்கூடப் பிழையில்லாமல் சொல்லத் தெரியாது. உபவாசம் என்று சொல்லிவிட்டு டீ குடிப்பாள். அவளுக்குக் கொடுத்த ஆண்டவர் எனக்கு ஏன் கொடுக்கவில்லை?

வீட்டுக்குத் திரும்பும்போது அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எல்லாம் உன்னாலதான்க்கா" என்றாள். வெயில் அதிகமாக இருக்கிறது என்று சொல்லிக் கையை உருவிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு எனக்கு நிம்மதியே இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் அவர்கள் சிரித்தால் எனக்கு இங்கே சோறு இறங்காது. ஏழுமலை சாயங்காலம் நேரத்தோடு வந்து சைக்கிளை நிறுத்தும் சத்தத்தைக் காத்திருந்து கேட்பேன். மல்லிப்பூ வாங்கி வந்தானா, பஜ்ஜி வாங்கி வந்தானா என்று எட்டிப் பார்ப்பேன். என் கணவர் வாசலில் விழுந்து கிடப்பார். அவர் மேல் வந்த கோபத்தைவிட மஞ்சுவின் மேல் வந்த கோபம் அதிகம். நடவில் அவள் பக்கத்தில் நிற்க மாட்டேன். அவள் கட்டிய புதுப்புடவை சாயம் போகும் என்று மற்ற பெண்களிடம் சொன்னேன். அது சாயம் போகாதது எனக்குத் தெரியும்.

ஏரித் தண்ணீரை மேல் மடைக்காரன் திருப்பிக்கொண்டால் கடை மடைக்கு வராது அல்லவா? ஆண்டவருடைய அன்பும் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு வரவேண்டியதை இவள் நடுவில் திருப்பிக்கொண்டாள் என்று நம்பினேன். இத்தனைக்கும் தினமும் முழங்காலில் நின்றேன். என் கணவரின் பாவத்தைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். என்னிடம் ஒரு பாவம் இருப்பதாகவே எனக்குத் தோன்றவில்லை.

போன புரட்டாசியில் ஒரு மத்தியானம், வரப்பில் உட்கார்ந்து சாப்பிடும்போது மஞ்சு என்னிடம் நகர்ந்து வந்தாள். சோற்றைத் தொடவில்லை.

"அக்கா, அது மறுபடியும் குடிக்குதுக்கா. நாலு நாளா. யாருக்கும் தெரியாது. சபையில சொன்னா மானம் போயிடும். நீ பேர் போடாம, ஒரு சகோதரனுக்காகன்னு நோட்டுல எழுதிக்க."

அப்போது என் மனதில் என்ன வந்தது என்பதை மறைக்காமல் எழுத வேண்டும் என்று ஆண்டவரிடம் சொல்லியிருக்கிறேன். சந்தோஷம் வந்தது. வெயிலில் நடந்து வந்தவளுக்குப் பானைத் தண்ணீர் கிடைத்தது போல இருந்தது. முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு, எழுதுகிறேன் என்றேன்.

எழுதவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை எல்லாத் தேவைகளையும் வாசித்தேன். மஞ்சு முக்காடு போட்டுக் காத்திருந்தாள். கடைசிப் பக்கம் வந்ததும் நோட்டை மூடினேன். அவள் தலை நிமிர்ந்து பார்த்தாள். வெளியே வந்ததும், ஏன் வாசிக்கவில்லை என்று கேட்டாள். பாஸ்டரம்மா தனியாக வைத்து ஜெபிக்கிறார்கள் என்று பொய் சொன்னேன். அவள் அதை நம்பி, என் கையைப் பிடித்து நன்றி சொன்னாள். அடுத்த வெள்ளிக்கிழமையும் இதையே செய்தேன்.

அதற்கு அடுத்த செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஏழுமலை குடித்துவிட்டு, யாருடைய பைக்கையோ வாங்கி ஓட்டிக்கொண்டு ஏரிக்கரை மேல் வந்து மதகுப் பக்கம் விழுந்தான். தலையில் அடி, இடுப்பில் அடி. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். நினைவு இல்லை. எதுவும் இப்போது சொல்ல முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

மறுநாள் காலை பாஸ்டரம்மாவோடு நானும் போனேன். மஞ்சு வராந்தாவில் தரையில் உட்கார்ந்திருந்தாள். எத்தனை நாளாகக் குடிக்கிறான், ஏன் எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று பாஸ்டரம்மா அவளைக் கேட்டார்கள். மஞ்சு ஒன்றும் புரியாமல் பார்த்தாள்.

"இன்னாம்மா இப்டி கேக்குறீங்க? அக்காகிட்ட சொன்னேனே. ரெண்டு வாரமா நீங்கதான தனியா ஜெபிச்சிக்கினு கீறீங்க?"

பாஸ்டரம்மா என் பக்கம் திரும்பினார்கள். மறந்துவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் வார்டுக்குள்ளே, கண்ணாடிக்கு அந்தப் பக்கம், ஏழுமலையின் கால் மட்டும் தெரிந்தது. காலில் ஏரிச் சேறு காய்ந்திருந்தது.

"நான் எழுதலம்மா" என்றேன். "வேணும்னுதான் எழுதல. அவ புருஷன் திருந்தினத என்னால தாங்க முடியல."

மஞ்சு மெதுவாகத்தான் சொன்னாள்.

"நீ போ. இப்ப என் கண்ணு முன்னால நிக்காத."

கீழே இறங்கி வந்து ஆட்டோக்கள் நிற்கும் இடத்தில் ஒரு வேப்பமரத்தடியில் உட்கார்ந்தேன். சுற்றிலும் ஜனங்கள் சாப்பாட்டுக் கூடைகளோடு போய்க்கொண்டிருந்தார்கள். எனக்கு வெட்கமாகக்கூட இல்லை. ஆண்டவரே, நான் கெட்டவள் என்று சொன்னேன். அவன் மறுபடி குடியில் விழுந்ததில் எனக்குச் சந்தோஷம் இருந்தது, இதை என்னால் பிடுங்கிப் போட முடியவில்லை, நீர் எடுத்துப் போடும் என்று சொன்னேன். சொல்லிக்கொண்டே இருக்கும்போது அழுகை வந்தது. ஏழுமலை பிழைக்க வேண்டும், அந்தப் பெண் மறுபடி சிரிக்க வேண்டும் என்று கேட்டேன். எவ்வளவு நேரம் கேட்டேனோ தெரியாது. எழுந்தபோதுதான் கவனித்தேன், என் கணவர் பெயரை அன்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. பன்னிரண்டு வருடத்தில் அவர் இல்லாமல் நான் செய்த முதல் ஜெபம் அது.

இத்தனை நாள் என் ஜெபத்தைப் பார்த்துத்தான் ஆண்டவர் என்னை நேசிக்கிறார் என்று நினைத்திருந்தேன். அன்று காட்டுவதற்கு என்னிடம் நல்லது ஒன்றும் இல்லை. அப்போதும் அவர் என்னை விட்டுப் போகவில்லை. அதை எப்படி அறிந்தேன் என்று கேட்டால் எழுதத் தெரியவில்லை. நெஞ்சில் இருந்த எரிச்சல் நின்றிருந்தது. அவ்வளவுதான்.

மூன்றாம் நாள் ஏழுமலை கண் திறந்தான். தண்ணீர் கேட்டானாம். பாஸ்டரம்மா போன் செய்து சொன்னபோது அடுப்படியில் இருந்தேன். அப்படியே மண்டியிட்டு ஸ்தோத்திரம் சொன்னேன். அந்தச் சந்தோஷத்தில் கலப்படம் இல்லை.

ஆனால் மஞ்சு என்னிடம் பேசவில்லை. அது நியாயம்தான். நான் சபையில் எல்லார் முன்னும் உண்மையைச் சொல்லி நோட்டைத் திரும்பக் கொடுத்தேன். வாய் வராதவள்தான், ஆனாலும் சொல்லிவிட்டேன். ஒன்றிரண்டு பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஒரு மாதத்துக்கு மேல் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து எனக்கு ஒரு வார்த்தை வரவில்லை.

பிறகு நடவு தொடங்கியது. ஒரு காலை நான் வரிசையின் ஓரத்தில் குனிந்து நட்டுக்கொண்டிருந்தேன். யாரோ வந்து பக்கத்தில் நின்றார்கள்.

"நவுருக்கா. இங்க எடம் கீது இல்ல?"

மஞ்சுதான். நகர்ந்தேன். கொஞ்ச தூரம் இருவரும் சேர்ந்து நட்டோம். பிறகு எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்:

"எங்க வூட்டுக்காரர் பேர எழுதாத கைக்கு நாத்து மட்டும் எவ்ளோ நேரா வருது பாருங்கடி."

வரிசையே சிரித்தது. நானும் சிரித்தேன். நடவில் ஒரு வசதி உண்டு, குனிந்திருப்பதால் அழுதால் யாருக்கும் தெரியாது. அவளும் அழுதாள் என்பது பக்கத்தில் இருந்த எனக்கு மட்டும் தெரியும்.

இன்று ஏழுமலை லேசாக நொண்டி நடக்கிறான். குடிப்பதில்லை. சாயங்காலத்தில் என் வீட்டு வாசலுக்கு வந்து அண்ணனோடு உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறான். என் கணவர் இன்னும் குடிக்கிறார். சாட்சி என்றால் எல்லாம் சரியாகிவிட்டது என்று முடிய வேண்டும் என்பார்கள். என்னால் அப்படி எழுத முடியவில்லை. அவருக்காக நீங்களும் ஜெபியுங்கள். ஆனால் நான் விடுதலையாகிவிட்டேன். அவர் திருந்தின பிறகுதான் ஆண்டவரை நம்புவேன் என்று இப்போது நான் சொல்வதில்லை.

இதை வாசிக்கிற உங்களில் யாராவது, அடுத்தவர் சாட்சி சொல்லும்போது சிரித்த முகத்தோடு உள்ளே வெந்துகொண்டு உட்கார்ந்திருக்கலாம். உங்களை எனக்குத் தெரியும். அந்த நபரின் பெயரைச் சொல்லி ஆண்டவருக்கு ஒரு நன்றி சொல்லிப் பாருங்கள். முதல் நாள் வாய் வராது. வரவில்லை என்பதை அவரிடமே சொல்லிவிடுங்கள். அதற்காக அவர் யாரையும் எழுந்து போகச் சொல்வதில்லை.