கீழ் அம்புக்குறியை அழுத்துங்கள்

ஆயுத பூஜையன்று எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு லீவு. ஈஜிபுரா வாடகை வீட்டில் என் வீட்டுக்காரர் ஃபிளெக்ஸ் பேனர் டிசைன் செய்வது அதில்தான். கேபினட்டைத் துடைத்து, முகமெல்லாம் சந்தனம் அப்பி, குங்குமம் வைத்து, பின்பக்கம் ஒரு கதம்பச் சரத்தையும் தொங்கவிடுவார். அன்றைக்கு அதை யாரும் தொடக்கூடாது. மற்ற நாட்களில் அவர் எழுந்தால்தானே எனக்கு நாற்காலி? அதனால்தான் அந்த நாளைப் பிடித்தேன்.

வீடியோ பார்த்துப் பார்த்து நானாகவே வெப்சைட் செய்யக் கற்றிருந்தேன். நான் பழகியது லினக்ஸில். அவருடைய டிசைன் சாஃப்ட்வேரோ விண்டோஸில்தான் ஓடும். ஹார்டு டிஸ்க் பெரியது, பாதி காலி. பிரித்தால் இரண்டும் இருக்கலாம். கேட்டதற்கு, "உனக்கெதுக்குத் தனியா? மொபைல் இருக்குல்ல, அதுல நோண்டு" என்றார்.

எங்கள் ஓனரம்மாவிடம் தண்ணீர் வரவில்லை என்றாலும் சரி, சுவர் ஒழுகுகிறது என்றாலும் சரி, கன்னடத்தில் ஒரே பதில்: "ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடிம்மா." கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ என்று அர்த்தம். நான் நிறைய அட்ஜஸ்ட் செய்தாயிற்று. இந்த முறை டிஸ்க் செய்யட்டும்.

அவர் கோயிலுக்குக் கிளம்பியதும் லினக்ஸ் ஏற்றிய பென்டிரைவைச் செருகினேன். பண்டிகைக்காக அத்திபெலேயிலிருந்து வந்திருந்த நாத்தனார் வாயைப் பிளந்தாள்.

"பூஜை போட்டதத் தொடுறீங்களே அண்ணி! அண்ணன் வந்தா ஆடிடும்."

"ஆடட்டும். எனக்கும் ஆடத் தெரியும்."

முழு டிஸ்க்கையும் அழிக்கவா என்று திரை கேட்டது. வேண்டாம், விண்டோஸ் பக்கத்திலேயே இடம் போடு என்று தேர்ந்தெடுத்தேன். டிஸ்க்கைப் பிரித்துக் காட்டிய நடுக்கோட்டை இழுத்து விண்டோஸைச் சுருக்கினேன். அவருடைய பழைய டிசைன்கள் அத்தனையும் அந்தச் சுருங்கும் பகுதியில்தான் இருந்தன. நடந்துகொண்டிருக்கிற வேலைகளை மட்டுமே வேறிடத்தில் எடுத்துவைக்க முடிந்தது. பாதியில் நின்றால் மீதியெல்லாம் போச்சு. யுபிஎஸ்ஸை நம்பி உட்கார்ந்திருந்தேன்.

திடீரென்று திரை கறுத்தது. விசையைத் தட்டினேன், எழவில்லை. அந்த நேரம் பார்த்து அவர் உள்ளே வந்தார்.

"அய்யய்யோ, லைட்டே இல்ல! பூஜையன்னைக்கே கொன்னுட்டியேடி!" என்று பிளக்கைப் பிடுங்கப் பாய்ந்தார்.

நான் குறுக்கே நின்றேன். "பிளக்கைப் பிடுங்குனீங்கன்னா நிஜமாவே சாகும். லைட்டு மேல சந்தனத்த அப்புனது யாரு?"

"அப்ப ஓடுதுன்னு எப்படிடி சொல்ற?"

"பின்னாடி பாருங்க. பூ ஆடுது."

நாத்தனார் குனிந்து பார்த்தாள். கேபினட் ஃபேன் காற்றில் கதம்பச் சரம் துடித்துக்கொண்டிருந்தது. "ஆமாண்ணா, காத்து வருது. நீ சும்மா நில்லு."

அவர் நின்றார். நானும் பிளக்கை விட்டு நகரவில்லை. நாத்தனார் போட்டு வைத்த காபி ஆறிப்போன பிறகுதான் திரை விழித்தது. முடிந்தது, மறுபடி துவக்கு என்றது. துவக்கினேன். மேலே லினக்ஸ், கீழே விண்டோஸ் என்று இரண்டு பெயர்கள் வந்தன. முதலில் விண்டோஸைத் திறந்து காட்டினேன். ஒவ்வொரு ஃபோல்டராகப் பார்த்தார். எல்லாம் இருந்தது.

"அந்த லிஸ்ட்ல என்னோடது ஏன் கீழ இருக்கு?" என்றார்.

"கீழ் அம்புக்குறிய அழுத்துங்க. வந்துரும். சும்மா விட்டா என்னோடது திறக்கும்."

"மாத்தி மேல வைக்கத் தெரியாதா?"

"தெரியும்," என்றேன். "மாத்த மாட்டேன்."