பீரோவுக்குள் இருந்த மாணவர் சேர்க்கை

எங்கள் கல்லூரியில் முதல்வரின் அறிக்கையை எழுதுவது நான். வாசிப்பது அவர். ஏழெட்டு வருடமாக இப்படித்தான் நடந்துகொண்டிருந்தது. நான் தாவரவியல் நடத்துகிறவள். தமிழ்த் துறையில் நாலு பேர் இருக்கும்போது இந்த வேலை ஏன் என் தலையில் விழுந்தது என்று கேட்டால், ஒருமுறை அவசரத்துக்கு எழுதிக் கொடுத்தேன், அது நன்றாக அமைந்துவிட்டது, அவ்வளவுதான். நம் ஊரில் ஒரு வேலையை ஒழுங்காகச் செய்துவிட்டால் ஆயுசுக்கும் அது நம் வேலையாகிவிடும்.

அறிக்கைக்கு மூன்று தலைப்பு. மாணவர் சேர்க்கை, ஆசிரியர் சாதனைகள், வளாகத்தில் புதிய முயற்சிகள். முதலாமாண்டுப் பிள்ளைகளை வரவேற்கும் விழாவில், தாளாளரும் பெற்றோர்களும் முன்வரிசையில் உட்கார்ந்திருக்க, முதல்வர் அதை வாசிப்பார். சேர்க்கை எப்போதும் உயர்ந்திருக்கும். ஆசிரியர்கள் எப்போதும் சாதித்திருப்பார்கள். புதிய முயற்சி என்றால் மரக்கன்று நடுவது. நூலகத்துக்குப் பின்னால் ஒரு குழி இருக்கிறது, நான் வேலைக்குச் சேர்ந்த வருடம் தோண்டியது. ஒவ்வொரு வருடமும் அதே குழியில் ஒரு கன்றை நட்டு, படம் எடுத்து, கோடையில் காயவிட்டு, அடுத்த வருடம் அடுத்த கன்றை நடுவோம். தாவரவியல்காரி என்ற முறையில் கன்றைப் பிடித்துக்கொண்டு கேமராவைப் பார்த்துச் சிரிப்பதும் என் வேலைதான்.

சேர்க்கை எப்படி உயர்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பிளஸ் டூ முடிவு வந்த மறுநாள், ஆசிரியர்கள் எல்லாரும் ஊரைப் பிரித்துக்கொண்டு கிளம்புவோம். பேராசிரியர் என்று பெயர், கோடை முழுக்க வீடு வீடாகப் படியேறி நோட்டீஸ் கொடுக்கும் பிழைப்பு. ஆளுக்கு இத்தனை பேரைப் பிடித்து வர வேண்டும் என்று முதல்வர் பிரித்துக் கொடுப்பார். பிடித்தோம் என்பதற்கு அடையாளம் ஒரிஜினல் சர்டிபிகேட். மார்க் ஷீட், டி.சி., சாதிச் சான்றிதழ் மூன்றையும் கையோடு வாங்கி வந்துவிட வேண்டும். அவற்றை அலுவலகப் பீரோவில் வைத்துப் பூட்டி, ரெஜிஸ்டரில் பெயரை ஏற்றினால் அந்தப் பிள்ளை சேர்ந்தாயிற்று. அதன்பிறகு வேறு கல்லூரியில் நல்ல இடமே கிடைத்தாலும் அந்தப் பிள்ளையால் போக முடியாது. அப்படிப் பிடித்து வைக்கக் கூடாது என்று விதி இருக்கிறது. அது தெரியாத ஆசிரியர் எங்களில் ஒருத்தர்கூடக் கிடையாது, என்னையும் சேர்த்து.

மற்றவர்களுக்கு உளுந்தூர்பேட்டை, சங்கராபுரம் என்று பஸ் வசதியுள்ள ஊர்கள் போக, எனக்கு விழுந்தது கல்வராயன் மலை. மலைப்பாதை வளைவுகளில் வாந்தி எடுக்காத ஆள் நான் ஒருத்திதான் என்பது வெளியில் சொன்ன காரணம். சொல்லாத காரணம் வேறு. என் துறையில் பிள்ளைகள் வருடா வருடம் குறைந்துகொண்டே வந்தார்கள், இந்த வருடமும் குறைந்தால் தாவரவியலை மூடிவிடலாம் என்று தாளாளர் சொல்லியிருந்தார். துறை போனால் நானும் போக வேண்டியதுதான். அப்பாவும் அம்மாவும் மூங்கில்துறைப்பட்டுப் பக்கம் கரும்பு வெட்டப் போய் என்னைப் படிக்க வைத்தவர்கள். எங்கள் குடும்பத்தில் மாதச் சம்பளம் வாங்கிய முதல் ஆள் நான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மாதா கோயில் வாசலில் அம்மா நாலு பேரிடம் சொல்லிக்கொள்கிற ஒரே பெருமை அதுதான். வேலையை விட எனக்கு மனசில்லை. ஆகவே மற்ற எல்லாரையும்விட நன்றாகவே பிடித்தேன்.

அந்த வருடம் வெள்ளிமலையில் பஸ்ஸை விட்டு இறங்கி, ஜீப்பில் தொற்றிக்கொண்டு போய், அதற்கு மேல் நடந்து ஒரு வீட்டுக்குப் போனேன். அந்த வீட்டுப் பெண் கணக்கில் நல்ல மார்க் எடுத்திருந்தாள். அவள் அப்பா மரவள்ளிக் கொல்லையிலிருந்து மண் கையோடு வந்தார். கையைக் கழுவி, வேட்டியில் துடைத்துவிட்டுத்தான் ஜவுளிக்கடைக் கவரைத் தொட்டார்.

"எல்லாம் இதுலதான் கீது மேடம். சாதி சர்டிபிகேட்டுக்கு மட்டும் தாலுக்கா ஆபீசுக்கு எத்தினி நட நடந்தேன்னு எனக்கே தெரியாது. பத்தரமா வச்சிக்குங்க."

பெண் கதவோரம் நின்றிருந்தாள். கவர் என் கைக்கு வந்ததும் முன்னால் வந்தாள்.

"கவர்மெண்ட் காலேஜுக்கும் போட்டிருக்கேன் மேடம். கணக்குதான் கேட்டிருக்கேன். அங்க கூப்ட்டாங்கன்னா இத திருப்பிக் குடுத்துடுவீங்களா?"

"கண்டிப்பாம்மா. நீ வந்து கேளு, அன்னைக்கே குடுத்துடறேன்."

சொன்னபோது நான் பொய் சொல்லவில்லை, யோசிக்காமல் சொன்னேன். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

மலையிலிருந்து பதினோரு பிள்ளைகளின் சான்றிதழ்களை என் துறைக்குக் கொண்டுவந்தேன். கல்லூரியில் வேறு யாரும் அத்தனை பேரைக் கொண்டுவரவில்லை. வரவேற்பு விழாவுக்கு முதல்நாள் முதல்வர் என்னைக் கூப்பிட்டு, "ஆசிரியர் சாதனைல உங்க பேருதான் மேடம் முதல்ல வரணும். தாளாளரே பொன்னாடை போத்தறேன்னு சொல்லியிருக்காரு," என்றார். அந்த வருடம் மலைச் செடிகளைப் பற்றி நான் எழுதிய ஆய்வுக் கட்டுரை ஒன்று வெளியாகியிருந்தது. இரண்டு வருட உழைப்பு. அதை நினைவுபடுத்தினேன்.

"அதையும் ஒரு ஓரமா சேத்துக்குங்க," என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் அன்று ராத்திரி உட்கார்ந்து அவர் சொன்னபடியே எழுதினேன். அச்சில் எடுத்த காகிதம் அவருக்கு ஆகாது. என் கையெழுத்தில், பெரிய பெரிய எழுத்தாக இருந்தால்தான் தட்டுத்தடுமாறாமல் வாசிப்பார். ஆகவே அறிக்கைக்கு ஒரே பிரதிதான், வேறு நகல் கிடையாது.

விழா அன்று காலை ஒன்பது மணிக்கு நான் கல்லூரிக்குப் போனபோது, அலுவலகத்துக்கு வெளியே அந்தப் பெண்ணும் அவள் அப்பாவும் நின்றிருந்தார்கள். எதிரில் பெஞ்சு காலியாகத்தான் இருந்தது. யாரும் உட்காரச் சொல்லவில்லை போலிருக்கிறது.

"மேடம், கணக்கு கெடச்சிடுச்சி," என்றாள் பெண். சிரிக்கவில்லை. "இன்னிக்கு சாயந்திரம் நாலு மணிக்குள்ள ஒரிஜினலோட வரச் சொல்லியிருக்காங்க. வரலன்னா அடுத்த ஆளக் கூப்ட்டுடுவாங்களாம்."

"மொத பஸ்ஸப் புடிச்சி வந்தோம்," என்றார் அப்பா. "வந்ததுலேர்ந்து நின்னுகினே கீறோம். இன்னாமோ ரெஜிஸ்டர்ல பேரு ஏறிடுச்சி, குடுக்க முடியாதுன்றாங்க. நீங்க குடுக்கறேன்னு சொன்னீங்களேன்னு சொன்னேன். சிரிக்கறாங்க மேடம்."

எனக்கு முகம் சூடானது. இருவரையும் பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டு நேராக முதல்வர் அறைக்குப் போனேன். அவர் புதுச் சட்டையில் இருந்தார்.

"சார், மலையிலேர்ந்து வந்த பொண்ணுக்கு கவர்மெண்ட் காலேஜ்ல கணக்கு கெடச்சிருக்கு. இன்னைக்குத்தான் கடைசி. சர்டிபிகேட்டக் குடுத்துடலாம் சார்."

"என்ன மேடம், நீங்களே இப்படிப் பேசினா எப்படி? ஒருத்திக்குக் குடுத்தா பத்து பேரு வந்து நிப்பாங்க. போறது எந்த டிபார்ட்மெண்ட்டு? உங்களுது."

"தெரியும் சார்."

"தெரிஞ்சும் கேக்கறீங்களா? நாளைக்குப் பாத்துக்கலாம் போங்க."

"நாளைக்கு அந்த இடம் இருக்காது சார்."

"அதுக்கு நான் என்ன பண்ண முடியும்? அறிக்கையக் குடுங்க, ஒரு தடவ வாய்விட்டுப் படிச்சிப் பாத்துக்கறேன். ஒம்பதரைக்கெல்லாம் தாளாளர் வந்துடுவாரு."

கையை நீட்டினார். அறிக்கை என் கைப்பையில் இருந்தது. எடுக்கக் கையைக்கூட உள்ளே விட்டேன். வெளியே பெஞ்சில் அந்த மனிதர் இருமுவது கேட்டது. கையை வெளியே எடுத்துவிட்டேன்.

"குடுக்க முடியாது சார். ரெஜிஸ்டர்ல ஏறிடுச்சி."

அவர் சிரித்தார். நான் சிரிக்காததைப் பார்த்துவிட்டு நிறுத்தினார்.

"மேடம், விளையாடற நேரமா இது?"

"ஒரிஜினல் எங்கிட்ட இருக்கு சார். அந்தப் பொண்ணோட ஒரிஜினல் உங்ககிட்ட இருக்கு. அத நீங்க குடுத்தா இத நான் குடுக்கறேன்."

"மிரட்டறீங்களா?"

"ஆமா சார். மலைல போயி நாம பண்றதத்தான் இங்க பண்றேன்."

முதல்வரிடம் அப்படிப் பேசுவேன் என்று காலையில் பஸ் ஏறும்போது யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். பயமாகத்தான் இருந்தது. ஆனால் பயத்தைவிடக் கோபம் ஜாஸ்தியாக இருந்தது. அதில் பாதி என் மேலேயே. அந்த வீட்டுக்குப் போய் இனிக்க இனிக்கப் பேசிக் கவரை வாங்கியது இவர் இல்லையே, நான்தானே.

தமிழ்த் துறையில் யாரையாவது எழுதச் சொல்லலாமா என்று அவர் யோசிப்பது முகத்தில் தெரிந்தது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு மேசை இழுப்பறையைத் திறந்து பீரோ சாவியை எடுத்து மேசைமேல் வீசினார்.

"குடுத்துத் தொலைங்க. மெமோ வரும்."

"வரட்டும் சார்."

சொன்ன சொல் மாறாமல் அறிக்கையை அவர் முன்னால் வைத்தேன். வைப்பதற்கு முன், ஆசிரியர் சாதனைகளில் என் பெயர் இருந்த பத்தியைப் பேனாவால் குறுக்கே அடித்தேன். ஓரமாகச் சேர்த்திருந்த கட்டுரையும் அதோடு போயிற்று. போகட்டும்.

அலுவலகத்தில் யாரிடமும் கேட்காமல் பீரோவைத் திறந்தேன். உள்ளே ஜவுளிக்கடைக் கவர், நகைக்கடைக் கவர், உரப்பை வெட்டித் தைத்த உறை என்று வரிசை வரிசையாக ரப்பர் பேண்டு போட்டு அடுக்கியிருந்தது. அந்தப் பெண்ணை உள்ளே கூப்பிட்டு, அவளுடையதைத் தேடி எடுத்துக் கொடுத்தேன். அவள் அங்கேயே தாள்களை வெளியே எடுத்து, ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்து, மூன்றும் இருக்கிறதா என்று சரிபார்த்தாள். என்னை நம்பவில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது.

கிளம்பும்போது திறந்திருந்த பீரோவைப் பார்த்தபடி நின்றாள்.

"அந்த மஞ்சக் கவரு எங்க பக்கத்து வூட்டு அக்காவுது மேடம். அதுக்கும் கவர்மெண்ட் நர்சிங்குல இடம் வந்துது. காலேஜ்ல குடுக்கமாட்டாங்கன்னு யாரோ சொன்னாங்களாம். அதனால அது வரவேயில்ல."

அவள் குறை சொல்லவில்லை, தகவலாகத்தான் சொன்னாள். நேரமாகிவிட்டது என்று அப்பா கையைப் பிடித்து இழுக்க, இரண்டு பேரும் பஸ் ஸ்டாண்டைப் பார்த்து ஓட்டமும் நடையுமாகப் போனார்கள். நாலு மணிக்கு வெகுமுன்பே போய்ச் சேர்ந்து, சேர்ந்தும்விட்டாள்.

நான் பீரோவைப் பூட்டவில்லை. ரெஜிஸ்டரை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்தேன். "மேடம், இதெல்லாம் எங்களுக்குப் பிரச்சினையாயிடும்," என்றார் அலுவலகக் கண்காணிப்பாளர். "எம் பேரச் சொல்லுங்க சார்," என்றேன். நான் கொண்டுவந்த பதினோரு பேரில் மீதி பத்துப் பேர். பத்துப் பேர் வீட்டு போன் நம்பரும் அதில் இருந்தது.

அன்றைக்குப் பின் நடந்தவற்றை இங்கேயே சொல்லி முடித்துவிடுகிறேன். மெமோ வந்தது. கல்லூரியின் சேர்க்கையைக் குறைத்ததற்கு மூன்று நாளில் விளக்கம் தர வேண்டும் என்று இருந்தது. எந்த விதியின்படி சான்றிதழ்களைப் பூட்டி வைத்தோம் என்று எழுதிக் கொடுத்தால் நானும் விளக்கம் தருகிறேன் என்று பதில் எழுதினேன். அதற்கு இன்றுவரை பதில் இல்லை. பதினோரு பேரில் நாலு பேர் வேறு இடங்களுக்குப் போனார்கள். மற்றவர்கள் ஒரிஜினலை வீட்டில் வைத்துவிட்டு, ஜெராக்சோடு எங்களிடமே படிக்க வந்தார்கள். துறை தள்ளாடிக்கொண்டு ஓடுகிறது. மூடும் பேச்சு வருடத்துக்கு ஒருமுறை வரும், வந்தால் நானும் எழுந்து பேசுவேன். அறிக்கையை இப்போது வேறொருவர் எழுதுகிறார். நான் இப்போதும் மலைக்குப் போகிறேன், யார் வீட்டிலும் ஒரிஜினலை வாங்குவதில்லை.

அதையெல்லாம்விட என் மனசில் நிற்பது அன்றைக்குப் போட்ட முதல் போன்தான். மஞ்சள் கவர் வீட்டுக்குப் போட்டேன். அரங்கத்தில் விழா தொடங்கியிருந்தது. ஒலிபெருக்கியில் முதல்வர் என் எழுத்தை வாசித்துக்கொண்டிருந்தார். இந்த ஆண்டு நமது கல்லூரியின் மாணவர் சேர்க்கை முன்னெப்போதும் இல்லாத அளவுக்கு உயர்ந்துள்ளது என்றார். கைத்தட்டல் கேட்டது. மலையில் சிக்னல் விட்டுவிட்டு வந்ததால் நான் ஒரு காதைப் பொத்திக்கொண்டு கத்திப் பேச வேண்டியிருந்தது.

"உங்க பொண்ணு சர்டிபிகேட்ட வந்து வாங்கிட்டுப் போயிடுங்க," என்றேன்.

மறுமுனையில் இருந்தது மஞ்சள் கவர்ப் பெண்ணின் அப்பா. பயந்த குரல்.

"மேடம், எம் பொண்ணு இன்னா தப்பு பண்ணிச்சி? ஏன் மேடம் அனுப்பறீங்க? இன்னாவா இருந்தாலும் நான் அதுகிட்ட சொல்றேன், மன்னிச்சிடுங்க மேடம்."

கண்காணிப்பாளரும் குமாஸ்தாக்களும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கும் கேட்கட்டும் என்று சத்தமாகவே சொன்னேன்.

"அது ஒண்ணும் பண்ணலைங்க. தப்பு பண்ணது நாங்க."