நாற்பதாவது நிமிடம்

ஊரில் நடந்த போரின் கடைசி நாட்களைப் பற்றிய அந்த ஆவணப்படம் தொலைக்காட்சியில் வந்த வாரம், நாங்கள் குடியேறியிருந்த ஈஸ்ட் ஹாமில் தெரு முழுக்க அதே பேச்சாக இருந்தது. எனக்கு மட்டும் வேறொரு தலைபோகிற காரியம் இருந்தது. தமிழ்ப் பள்ளிக்கூடக் கலைவிழா நெருங்கிக்கொண்டிருந்தது. நாடகத்தில் நான் அரசி. அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது.

அந்த வேடம் முதலில் எனக்குக் கிடைத்ததல்ல. என் தோழியின் பெரியப்பா கனடாவில் இறந்துபோக, முப்பத்தொரு நாள் சாவுத் துடக்கு என்று அவளுக்குக் கோயில், விழா எல்லாவற்றையும் வீட்டில் நிறுத்திவிட்டார்கள். அவள் அழுதுகொண்டு விட்டுப்போன இடத்தில்தான் நான் போய் நின்றேன். ஹை ஸ்ட்ரீட் நோர்த்தில் அம்மா வாங்கித் தந்த கிரீடத்தைத் தலையில் வைத்துக்கொண்டே வீட்டுப்பாடம் செய்தேன்.

மற்றவர்கள் அந்தப் படத்தைப் பார்த்தார்கள். எங்களைப் போன்றவர்கள் அதில் ஆள் தேடினார்கள். நாங்கள் தேடியது சித்தப்பாவை. அப்பாவின் ஒரே தம்பி. போர் முடிந்த மாதத்திலிருந்து அவரைப் பற்றித் தகவல் இல்லை. இறந்தவர்களின் படங்கள் சாமி அறையில் பூவோடு இருந்தன; சித்தப்பாவின் சின்ன வயதுப் படம் தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் பூவில்லாமல் நின்றது. ஒவ்வொரு வருடமும் அவருடைய பிறந்த நட்சத்திரத்தில் அப்பா கோயிலில் அர்ச்சனை செய்வித்தார். உயிரோடு இருப்பவர்களுக்குத்தான் அர்ச்சனை.

ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் இல்ஃபோர்டிலிருந்து அப்பாவின் சிநேகிதர் ஒருவர் தொலைபேசியில் வந்தார். “அண்ணை, நாற்பதாவது நிமிசத்தை ஒருக்காப் போட்டுப் பாருங்கோ. ஒராள் உங்கட தம்பியின்ர சாயலாக் கிடக்கு” என்றாராம். அப்பா தான் வேலை செய்த பெற்றோல் செட்டுக்குப் போன் எடுத்து அன்றைய ஷிப்டுக்கு வர ஏலாது என்று சொல்லிவிட்டு, பதிவு செய்து வைத்திருந்த படத்தைப் போட்டார்.

சிக்கல் என்னவென்றால், அப்பா நாட்டைவிட்டு வெளிக்கிட்டபோது சித்தப்பாவுக்கு எட்டு வயது. அதற்குப் பிறகு தம்பியை அவர் நேரில் கண்டதில்லை. சமாதான காலத்தில் ஊருக்குப் போய் வந்தது அம்மாவும் நானும் மட்டும்தான். அம்மாவோ குசினியில் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

“என்னால ஏலாது. பிள்ளைக்கும் உதைக் காட்டாதேங்கோ.”

“அப்ப வேற ஆர் சொல்லுறது?” என்ற அப்பா என்னைக் கூப்பிட்டார். “பிள்ளை, வடிவாப் பார்த்துச் சொல்லு. உனக்கு அவனைத் தெரியும்.”

படம் அசையாமல் நின்றது. பற்றைகளுக்கு நடுவே ஆண்கள் வரிசையாகக் கிடந்தார்கள். கைகள் பின்னால் கட்டப்பட்டிருந்தன. மூன்றாவது ஆளின் பாதி முகம் மண்ணுக்குள். மேலே இருந்த காது தெளிவாகத் தெரிந்தது. அதன் நுனியில் ஒரு துண்டு இல்லை. நாய் கடித்த காது. ஊரில் இரண்டு கிழமை சித்தப்பாவின் தோளில் ஏறித் திரிந்தபோது நான் பிடித்துக்கொண்டது அந்தக் காதைத்தான். கடிபட்ட இடத்தில் விரலை வைத்தால் சித்தப்பா தலையை ஆட்டிக் குரைப்பார்.

அது சித்தப்பாதான். ஆனால் அதோடு சேர்ந்து இன்னொன்றும் வந்தது, அதையும் மறைக்கக் கூடாது. முப்பத்தொரு நாள். கலைவிழாவுக்கு இருந்தது எட்டே நாள்.

“இல்லை அப்பா. இது சித்தப்பா இல்லை.”

“வடிவாத் தெரியுமோ?”

“ஓம்.”

விழா முடிந்ததும் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். செத்தவருக்கு என்ன அவசரம் என்பது என் கணக்கு. அப்பா குசினி வாசலில் போய் நின்று “அவன் இல்லையாம்” என்றார். குழாய் நின்றது. அம்மா விம்மி அழுதார். அது நிம்மதியில் வந்த அழுகை என்று விளங்க எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது.

கலைவிழாவில் நான் நன்றாகவே நடித்தேன். அப்பா முன்வரிசையில் இருந்து கைதட்டினார். அடுத்த நாள் சித்தப்பாவின் பெயருக்கு விசேட அர்ச்சனை செய்வித்து, பிரசாதத்தை முதலில் எனக்கு நீட்டினார். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சொல்வது? அடுத்த கிழமை பார்க்கலாம் என்று விட்டேன். அடுத்த கிழமை அவர் காணாமல் போனோரைத் தேடும் படிவம் ஒன்றோடு வந்தார். அதை ஆங்கிலத்தில் நிரப்பிக் கொடுத்தது நான். அங்க அடையாளம் எழுதவேண்டிய கட்டத்தை வெறுமையாக விட்டேன்.

இப்படியே வருடங்கள் போய்விட்டன. சித்தப்பாவுக்கு முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி இல்லை, திவசம் இல்லை. அர்ச்சனை மட்டும் ஒரு வருடமும் தவறவில்லை. போன மாதம் அதை முடித்துக்கொண்டு அப்பாவைக் காரில் கூட்டி வந்தேன். அவருக்கு இப்போது முழங்கால் நோவு, பேச்சும் குறைவு. திடீரென்று சொன்னார்.

“அண்டைக்கு எனக்கு அது அவன்தான் எண்டு பட்டது பிள்ளை. நாய் காதைக் கடிச்சுப் போட்டுதெண்டு முந்தி ஒருக்காக் கடிதம் போட்டவன். அங்க கிடந்தவனுக்கும் காது அப்பிடித்தான் இருந்தது. நீ இல்லையெண்டு சொன்னாப்பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.”

நான் றோட்டைப் பார்த்து ஓட்டினேன். உண்மையை இன்றுவரை சொல்லவில்லை. நான் பல் தீட்டிவிட்டேன் என்றால் பிரஷ் ஈரமா என்று தொட்டுப் பார்க்கிற மனிதர் அப்பா. வீட்டுப்பாடம் முடிந்தது என்றால் கொப்பியை வாங்கித் தாள் தாளாகப் புரட்டுவார். அப்படிப்பட்டவர் தன் கண்ணால் கண்டதை விட்டுவிட்டு என் வாயை நம்புவார் என்று பன்னிரண்டு வயதில் எனக்குத் தெரியாது.