கண்ணுக்கு நான்கெல்லை

திண்டுக்கல் ரிஜிஸ்தர் ஆபீஸ் வாசலில் உட்கார்ந்து பத்திரம் எழுதியவர்களில் என் கணவரின் அண்ணன் சின்னக்கண்ணுவும் ஒருவர். வீட்டில் நாங்கள் அவரை மூத்தவர் என்போம். அவர் எழுதிய பத்திரத்தில் பின்னால் தகராறு வந்ததாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. காகிதத்தில் எழுதுவதற்கு முன் நிலத்தை நேரில் போய்ப் பார்த்துவிடுவார். கிழக்கே யார் கிணறு, வடக்கே யார் வரப்பு என்று நான்கு எல்லையும் காலால் நடந்த பிறகுதான் பேனாவைத் திறப்பார்.

அப்படி நடந்த இடத்தில்தான் கண் போயிற்று. சின்ன வயதிலேயே அம்மை கண்டு இடது கண்ணில் பூ விழுந்திருந்தது. 1960 தை மாதம் குஜிலியம்பாறைப் பக்கம் ஒரு சோளக்காட்டில் எல்லைக்கல்லைத் தேடிக் குனிந்தவரின் வலது கண்ணைச் சோளத்தட்டை கிழித்துவிட்டது. பக்கத்துக் காட்டுக்காரர் பச்சிலைச் சாற்றைப் பிழிந்துவிட்டார். பதினைந்தே நாளில் அந்தக் கண்ணிலும் பூ. கருவிழிக்கு மேல் பாலைத் தடவியது போல வெள்ளை. வெளிச்சம் தெரியும், ஆள் தெரியாது.

அதன் பிறகு அவர் சொல்லச் சொல்ல எழுதுகிற வேலை எனக்கு வந்தது. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். ஆனால் எழுத்து குண்டு குண்டாக இருக்கும். அவர் கூடத்தில் உட்கார்ந்து சொல்வார், நான் அடுப்படிக் கதவுக்குப் பின்னால் இருந்து எழுதுவேன். எழுதியதைக் கையில் கொடுத்தால் வாங்கி விரலால் தடவுவார். முகத்துக்குப் பக்கத்தில் கொண்டு போவார். பிறகு மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருப்பார். தான் படித்துப் பார்க்காத காகிதத்தில் கையெழுத்துப் போட அந்த மனிதருக்கு மனம் வரவில்லை. வந்தவர்களை வேறு எழுத்தரிடம் அனுப்பத் தொடங்கினார்.

அடுத்த வருஷம் சிவனம்மாள் அக்கா அவரை மதுரைக்குக் கண் டாக்டரிடம் கூட்டிப் போனாள். அக்கா அவருடைய மனைவி. சாயங்காலம் திரும்பி வந்தபோது செருப்பைக்கூடக் கழற்றாமல் கூடத்தில் நின்று கத்தினார்.

"தாயி! பேனாவ எடு!"

அக்கா பையைக் கீழே போட்டாள். "செத்த உக்காந்து தண்ணி குடிங்க மொதல்ல. பஸ்ஸுல வந்தவுக அம்புட்டுப் பேரும் இவரு சத்தத்தத்தான் கேட்டாக."

டாக்டர் சொன்னது இதுதான். பூ விழுந்த கருவிழியை எடுத்துவிட்டு, இறந்துபோனவரின் தெளிந்த கருவிழியை வைத்துத் தைக்க முடியும். செய்ய ஆள் இருக்கிறது, கருவி இருக்கிறது, வைப்பதற்குக் கருவிழிதான் இல்லை. கேட்டு நிற்பவர்கள் வரிசையாக இருக்கிறார்கள், கொடுப்பதாகப் பதிவு செய்கிறவர்கள் இல்லை.

"பதிவுன்னாரு தாயி! பதிவு பண்ண ஆளில்லையாம்! இருபத்தி ரெண்டு வருசமா நான் என்னத்தப் பண்ணிக்கிட்டு இருக்கேன்?" என்று மூத்தவர் தொடையில் தட்டிக்கொண்டார்.

அன்றைக்கே தானப் பத்திரம் ஒன்று சொன்னார். எழுதிக்கொடுப்பவர் பெயருக்கு இடம் விட்டு, பெறுபவர் பெயர் சின்னக்கண்ணு என்று போடச் சொன்னார். எனக்குச் சொந்தமும் சுவாதீனமுமான, எவ்வித வில்லங்கமும் இல்லாத இரண்டு கண்களை என் ஆயுளுக்குப் பின் அடைந்துகொள்ள வேண்டியது என்று வரி வரியாக வந்தது. அதற்குப் பிறகு சொத்து விவரம்.

"வலது கண்ணுக்கு எல்லை எழுதிக்க. மேல்புறம் புருவம். கீழ்புறம் கன்னம். வடபுறம் மூக்கு. தென்புறம் காது."

நான் கதவுக்குப் பின்னால் வாயில் முந்தானையை வைத்து அடைத்துக்கொண்டேன். அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை, சந்தேகம் வந்துவிட்டது.

"ஆளு திரும்பிப் படுத்தா வடக்கு தெக்காயிருமே?"

மூத்தவர் யோசித்தார். "மேற்கே தலை வைத்து மல்லாந்து படுத்த நிலையில், அப்படின்னு சேத்துக்க தாயி."

"செத்தவுகளத் தெக்க தலவச்சுல்ல கெடத்துவாக?"

"ஏய், எழுதிக்குடுக்கும்போது உசுரோடதான இருக்காக? அன்னைக்கு இருந்த எல்லைதான் எல்லை!"

அந்தப் பத்திரத்தைப் பதினோரு படி எடுத்தேன். ஆபீஸ் வாசலுக்கு வந்தவர்கள், தாடிக்கொம்பு, அகரம் பக்கத்துப் பழைய ஆட்கள் என்று இரண்டு மாதம் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு அலைந்தார். சிலர் திட்டினார்கள். ஒருவர் நாயை அவிழ்த்துவிட்டாராம். பேகம்பூரில் தோல் வியாபாரம் செய்த நைனா முகமது பாய், "அண்ணே, இத நான் பள்ளிவாசல் ஹஜ்ரத்துக்கிட்ட கேக்காமச் செய்ய முடியாது. மத்தபடி என் கடை டெலிபோன், காரு எல்லாம் உங்களுக்குத்தான்" என்றார். இருந்தும் பதினோரு பேர் கையெழுத்தோ ரேகையோ வைத்தார்கள்.

முதலில் வைத்தவள் அகரத்தில் பூந்தோட்டம் வைத்திருந்த ஒச்சம்மாள். அறுபது வயது இருக்கும். இரண்டு ஏக்கர் மல்லிகையைத் தானே நின்று பார்ப்பாள். மகன் மொக்கைச்சாமிக்குத் தோட்டத்தை எழுதிவைக்க வந்தவள், கண் விஷயத்தைக் கேட்டதும் பெருவிரலை நீட்டினாள்.

"தோட்டத்த அவனுக்கு எழுதியாச்சு. கண்ண உனக்கு எழுதிட்டுப் போறேன். ஆனா ஒண்ணு அப்பு, சீக்கிரம் வேணும்னு என்னைய அவசரப்படுத்தக் கூடாது, ஆமா!"

மகனையே சாட்சிக் கையெழுத்துப் போட வைத்தாள்.

பதினோரு பத்திரத்தையும் துணியில் சுற்றிக்கொண்டு மூத்தவர் மதுரைக்குப் போனார். டாக்டர் எல்லை விவரத்தைப் படித்துக் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாராம். நர்சுகளைக் கூப்பிட்டுப் படித்துக் காட்டினாராம். சிரித்து முடித்த பிறகு, பெறுபவர் பெயரில் விரலை வைத்தார்.

"இத மட்டும் ஒத்துக்க முடியாது. கண் இன்னாருக்குன்னு யாரும் எழுத முடியாது. வரிசைல யார் முந்தியோ அவங்களுக்கு. நீங்க பதினஞ்சாவது."

மூத்தவர் விடவில்லை. "பெறுபவர் இல்லாத பத்திரம் செல்லாதுங்களே?"

"அப்ப இது பத்திரம் இல்லைன்னு வச்சுக்குங்க" என்றார் டாக்டர்.

அன்று வீட்டுக்கு வந்து மூத்தவர் சாப்பிடவில்லை. பதினோரு பேரில் யாரோ ஒருவர் போனால் தனக்குப் பார்வை என்று நம்பியிருந்தவர். இப்போது பதினான்கு பேர் முன்னால் நிற்கிறார்கள். பத்திரக்கட்டை அடுப்பில் போடச் சொல்லிவிடுவார் என்றுதான் நான் நினைத்தேன். மறுநாள் காலையில் என்னைக் கூப்பிட்டார்.

"என் பேர அடிச்சிரு தாயி. வரிசையில் முந்தி நிற்பவர், அப்படின்னு எழுது."

பேரை அடித்தால் மறுபடி எல்லோரிடமும் கையெழுத்து வாங்க வேண்டுமே. வாங்கப் போனார். ஐந்து பேர் மறுத்துவிட்டார்கள். ஒச்சம்மாள் சண்டைக்கு வந்தாள். "உனக்குன்னுதானய்யா குடுத்தேன். மொகந்தெரியாதவனுக்கு எதுக்கு?"

"நீ வளக்குற மல்லிப்பூவ யாரு தலைல வைக்கிறாகன்னு பாத்தா ஆத்தா அனுப்புற?"

ஒச்சம்மாள் அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பெருவிரலை நீட்டினாளாம். "பேச்சக் கத்து வச்சிருக்கான் பாரு. மையக் கொண்டா."

1963 மாசியில் ஒரு காலை, பூப் பறித்துக்கொண்டிருந்த இடத்திலேயே ஒச்சம்மாள் மார்பைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டாள். ஏழரை மணிக்கு மொக்கைச்சாமி சைக்கிளில் மூச்சிரைக்க எங்கள் வீட்டு வாசலில் நின்றான். "ஆத்தா போயிருச்சு. கண்ணு ஆறு மணி நேரந்தானே தாங்கும்னீக?"

மூத்தவர் சட்டையைத் தலைகீழாக மாட்டப் பார்த்தார். அக்கா பத்திரத்தை எடுத்தாள். நான் பேகம்பூருக்கு ஓடினேன். வெளியாட்கள் எதிரில் வாய் திறக்காத நான் தோல் கிட்டங்கி வாசலில் நின்று, "பாய், மதுரைக்குப் போன் போடுங்க! அகரத்துல கண்ணு இருக்கு!" என்று கத்தினேன். நைனா முகமது பாய் டெலிபோனைச் சுற்றிக்கொண்டே காரை எடுக்கச் சொன்னார். மதுரைக்கு லைன் கிடைக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. டாக்டர் கிளம்பிவிட்டார் என்று கேட்ட பிறகுதான் எங்கள் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு கார் அகரத்துக்குப் பறந்தது.

அங்கே வாசல் முழுக்கக் கூட்டம். ஒச்சம்மாளின் தம்பி நல்லுசாமி வழியை மறித்து நின்றார். "எங்கக்காவக் கண்ணில்லாம அனுப்பவா? ஒருத்தரும் உள்ள போகக் கூடாது!" குளிப்பாட்டத் தண்ணீர் எடுக்க வேண்டும், சீக்கிரம் ஆகட்டும் என்று அவசரப்படுத்தினார். குளிப்பாட்டி எடுத்துவிட்டால் எல்லாம் முடிந்தது. மொக்கைச்சாமி தாய்மாமனை எதிர்த்துப் பேச முடியாமல் தவித்தான். மணி பத்தாகப் போகிறது, டாக்டரைக் காணோம்.

மூத்தவர் அக்காவின் கையிலிருந்து பத்திரத்தை வாங்கி விரித்துப் பிடித்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தார். "அகரம் கிராமத்தில் இருக்கும் ஒச்சம்மாள் ஆகிய நான், முழு மனதோடும் நல்ல நினைவோடும் எழுதிக்கொடுத்தது..." கூட்டம் அடங்கியது. புருவம், கன்னம், மூக்கு, காது என்று எல்லை வந்தபோது யாரோ ஒரு பெண் அழுகைக்கு நடுவே கிளுக்கென்று சிரித்துவிட்டாள். அப்போது முன்னால் நின்ற பெரியவர் ஒருவர் சொன்னார்: "ஏலே, காகிதத்தத் தலைகீழால்ல புடிச்சிருக்காரு!"

நல்லுசாமி கிட்டே வந்தார். காகிதத்தைப் பார்த்தார். மூத்தவரின் இரண்டு வெள்ளைக் கண்களையும் பார்த்தார்.

"உமக்குத்தான் இந்தக் கண்ணா?"

"எனக்கில்லய்யா. எனக்கு முன்னாடி பதினாலு பேரு நிக்கிறாக."

"அப்ப உமக்கு என்ன லாபம்?"

"வரிச நகரும்" என்றார் மூத்தவர்.

நல்லுசாமி மறித்த வழியை விட்டு விலகினார். பிறகு திரும்பி, "மொக்க, ஈரப்பஞ்சு எடுத்துட்டு வந்து ஆத்தா கண்ணு மேல வையி. கண்ணு காஞ்சிரக் கூடாதுல்ல?" என்றார். தண்ணீர்க் குடத்தோடு கிளம்பியவர்களைக் கையைக் காட்டி நிறுத்தினார். பதினோரு மணிக்கு டாக்டரின் கார் புழுதியோடு வந்தது. அரைமணி நேரத்தில் வேலை முடிந்தது. இமைகள் மூடித் தூங்குகிறவள் மாதிரியே இருந்தாள் ஒச்சம்மாள். நல்லுசாமி குனிந்து பார்த்துவிட்டு, "ஒண்ணுமே தெரியல" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

மறுநாளே இரண்டு பேருக்கு வைத்தார்கள். மூத்தவர் பதிமூன்றாவது ஆனார். பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு அகரத்திலிருந்து நால்வர் தங்கள் கண்ணை எழுதிக்கொடுக்க எங்கள் வீடு தேடி வந்தார்கள், அதில் ஒருவர் நல்லுசாமி. ஒவ்வொரு தடவை மதுரையிலிருந்து கார்டு வரும்போதும் மூத்தவர், "எத்தனாவது? எத்தனாவது?" என்று வாசலுக்கே வந்துவிடுவார். ஒன்பது, ஏழு என்று குறைந்தது. பிறகு ஏழு மாதம் அப்படியே நின்றது, மறுபடி நகர்ந்து இரண்டுக்கு வந்தது. 1965 ஆவணியில் பாய் கடையிலிருந்து ஆள் ஓடி வந்தான், மதுரையில் கண் வந்திருக்கிறதாம், உடனே வரச் சொன்னார்களாம்.

வலது கண்ணில் வைத்தார்கள். கட்டுப் பிரித்த அன்று அக்காவுக்குத் துணையாக நானும் அங்கே இருந்தேன். நர்சு விரலைக் காட்டினாள், சரியாகச் சொன்னார். அக்காவைக் காட்டினார்கள். "நரைச்சுப் போச்சே" என்றார், அக்கா அழுதுகொண்டே அவர் தோளில் அடித்தாள். பிறகு டாக்டரிடம் அந்த வரிசைப் புத்தகத்தைக் காட்டச் சொன்னார். முகத்துக்குப் பக்கத்தில் பிடித்து, ஐந்து வருஷத்துக்குப் பிறகு, எழுத்துக் கூட்டி வாசித்தார். தன் பெயரைக் கண்டுபிடித்தார். அதோடு நிற்கவில்லை. விரல் கீழே போனது.

"ஷரீஃபா, வயசு ஒன்பது, வேடசந்தூர்." நிமிர்ந்தார். "ஒன்பது வயசுப் பிள்ளையா?"

"அவளுக்குக் கீழ இன்னும் முப்பத்தோரு பேர் இருக்காங்க" என்றார் டாக்டர். "நீங்க படுங்க. பத்து நாள் அசையக் கூடாது."

மூத்தவர் படுத்தார். படுத்தபடியே கதவோரம் நின்ற என்னைத் தேடிக் கண்டுபிடித்தார். அத்தனை வருஷத்தில் என் முகத்தை அவர் நேராகப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"தாயி, ஊருக்குப் போனதும் முப்பது படி எடு" என்றார். "அந்த எல்லையெல்லாம் வேணாம். ஒரு பக்கத்துல முடிச்சிரு, சீக்கிரம் ஆகும்."